மூழ்கடித்த கப்பலில் மீன் கூடினால் மீன் பெருகியது என்று ஆகுமா?

பழைய போர்க்கப்பல் ஒன்றை வெடி வைத்து மூழ்கடிக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து ஒருவர் கேமராவோடு இறங்குகிறார். இரும்பே தெரியாத அளவுக்குக் கடல் சாமந்தி (பூப்போலத் தெரியும் கடல் விலங்கு), கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே மீன் கூட்டம். வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் "மீன்வளம் பெருகிவிட்டது" என்று எழுதுவார்கள். மீதிப் பேர் "குப்பையைக் கடலில் கொட்டிவிட்டுச் சுற்றுச்சூழல் என்று பேர் வைக்கிறார்கள்" என்பார்கள். சண்டை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

சொல்ல வேண்டுமென்றால் கண்காணிப்பு வேண்டும். கண்காணிப்பு என்றதும் "போய் மீனை எண்ணிவிட்டு வருவது" என்றுதான் பலரும் நினைக்கிறோம். எண்ணுவது அதில் ஒரு பகுதி. எதோடு ஒப்பிட்டு எண்ணுகிறோம் என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. கனடாவின் மேற்குக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவை வைத்து இதைப் பார்க்கலாம். குளிர்ந்த கடல், 1991 முதல் 2015 வரை கப்பல்களை மூழ்கடித்த ஒரு சங்கம், விடாமல் முக்குளிக்கும் தன்னார்வலர்கள் என்று எல்லாமே அங்கே இருக்கிறது.

செயற்கைத் திட்டு

மனிதர்கள் வேண்டுமென்றே கடலடியில் போட்டு வைக்கும் கெட்டியான அமைப்புக்குச் செயற்கைத் திட்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கான்கிரீட் கட்டைகள், பாறைக் குவியல், கப்பல் எல்லாம் இதில் அடக்கம். தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் மீன்வளத்துறை கான்கிரீட் அமைப்புகளை இறக்கியிருக்கிறது. அங்கே கேட்கவேண்டிய கேள்வியும் இதுவேதான்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் செயற்கைத் திட்டுச் சங்கம் 1991-ல் ஜி.பி. சர்ச் என்ற சரக்குக் கப்பலில் தொடங்கியது. 1992-ல் ஷோடியேர், 1995-ல் மெக்கென்சி, 1996-ல் கொலம்பியா, 1997-ல் சஸ்காட்செவன் என்று கடற்படையின் பழைய கப்பல்கள் வரிசையாகப் போயின. 2006-ல் ஒரு போயிங் 737 விமானத்தையும் இறக்கினார்கள். கடைசியாக 2015 ஏப்ரல் 4 அன்று, ஹவ் சவுண்ட் என்ற கடற்கழியில், காம்பியர் தீவின் ஹால்கெட் விரிகுடாவில் அனாபொலிஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. 113 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் அடியில் போய் உட்கார ஏறத்தாழ இரண்டு நிமிடம்தான் ஆனது.

திட்டு என்றதும் பவளம் நினைவுக்கு வரும். வெப்பக் கடலில் பாறைபோல வளர்ந்து பரவும் பவளங்கள் இங்கே கிடையாது. ஆழத்தில் ஏறத்தாழ 8 முதல் 10 டிகிரி வரை இருக்கும் தண்ணீரில், கெட்டியான இடம் கிடைத்தால் குடியேறுவது வேறு கூட்டம்: பார்னக்கிள் (ஓட்டுக்குள் வாழும் ஒட்டுயிர்), குழாய்ப் புழு, ஹைட்ராய்டு (செடிபோலத் தெரியும் சிறு விலங்கு), கடற்பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மீட்டர் உயரம்கூட வளரும் வெள்ளைக் கடல் சாமந்தி. இயற்கைத் திட்டுகளும் இந்தக் கடலில் உண்டு. சிலிக்காவால் எலும்புக்கூடு கட்டும் கண்ணாடிக் கடற்பஞ்சுகள் எழுப்பியவை அவை. அப்படிப்பட்ட திட்டுகள் டைனோசர் காலத்தோடு முடிந்துபோயின என்றுதான் நினைத்திருந்தார்கள். 1987-ல் இந்தக் கரையோரம் உயிரோடு கண்டுபிடித்தார்கள். ஹால்கெட் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது.

புதுப் பரோட்டா கடை

பைபாஸ் ரோட்டில் புதிதாக ஒரு பரோட்டா கடை திறக்கிறார்கள். முதல் வாரமே உட்கார இடமில்லை. ஊரில் பரோட்டா சாப்பிடுகிறவர்கள் கூடிவிட்டார்களா? கூடியிருக்கலாம். அல்லது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பழைய கடை ஈயடித்துக்கொண்டிருக்கலாம். ஊரில் திருவிழா நடந்து, எந்தக் கடையைப் பார்த்தாலும் கூட்டமாகவும் இருக்கலாம். புதுக் கடைக்குள் உட்கார்ந்து எத்தனை தரம் தலையை எண்ணினாலும் இந்த மூன்றில் எது என்று தெரியாது. பழைய கடையையும் எட்டிப் பார்த்தாக வேண்டும். புதுக் கடை திறப்பதற்கு முன்னால் அங்கே எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் கையில் வேண்டும்.

கடலில் இந்தக் கேள்விக்கு இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பாறைகளில் ஏற்கெனவே இருந்த மீன்கள் இடம் மாறி வந்தால் அது ஈர்ப்பு. திட்டு இருப்பதால் மட்டுமே கூடுதலாக மீன்கள் பிறந்து, பிழைத்து, வளர்ந்தால் அது உற்பத்தி. ஜேம்ஸ் போன்சாக் என்ற அமெரிக்க மீன் ஆய்வாளர் 1989-ல் இந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பினார். அதிலிருந்து செயற்கைத் திட்டு பற்றிய எந்த விவாதமும் இதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

வெறும் ஈர்ப்பு என்றால் நஷ்டம் இல்லையே என்று தோன்றலாம். நஷ்டம் உண்டு. பரந்த பாறைகளில் சிதறிக் கிடந்த மீன்கள் ஒரே இடத்தில், அதுவும் எல்லா வரைபடத்திலும் குறிக்கப்பட்ட இடத்தில், கூடிவிட்டால் தூண்டில்காரருக்கு வேலை சுலபம். மீன் பிடிக்கத் தடை இல்லாத இடத்தில் ஈர்ப்பு மட்டும் நடந்தால், கடலில் மீன் குறையவும் கூடும்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: கப்பலில் மீன் இருக்கிறது என்பது ஒரு செய்தி. கப்பலால் மீன் கூடியது என்பது வேறு செய்தி. முதலாவதற்கு ஒரு வீடியோ போதும். இரண்டாவதற்கு முன்-பின் கணக்கும், கப்பல் இல்லாத இன்னொரு இடத்தின் கணக்கும் வேண்டும். அந்த இன்னொரு இடத்துக்கு ஒப்பீட்டு இடம் என்று பெயர்.

இரும்பில் எப்படிக் குடியேறுகிறார்கள்

கடலில் மிதந்து திரியும் குஞ்சுப் பருவ உயிர்களுக்கு ஒட்டிக்கொள்ள ஏதாவது கெட்டியாக வேண்டும். அடியில் வெறும் சேறு என்றால் அவை பெரும்பாலும் சாகும். ஹால்கெட் விரிகுடா, மரக்கட்டைகளை மிதக்கவிட்டுச் சேர்த்து வைத்த இடம். மரப்பட்டையும் சிதிலமும் படிந்த அடித்தரை. அப்படிப்பட்ட இடத்தில் கப்பல் இறங்கியதும் முதலில் பாக்டீரியாப் படலம் படிகிறது, அதன்மேல் ஹைட்ராய்டும் பார்னக்கிளும் குழாய்ப் புழுவும் ஏறுகின்றன. பிறகு வரும் கடல் சாமந்தி மெதுவாக இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீரோட்டம் கொண்டுவரும் மிதவையுயிர்களை இவை வடிகட்டித் தின்கின்றன. இவற்றின் நடுவே இறாலும் சிறு நண்டும் சேர, அவற்றைத் தின்ன மீன் வருகிறது.

இப்படி ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் இடம்பிடிப்பதை தொடர் குடியேற்றம் என்கிறார்கள். முதல் வருடம் எடுத்த படத்தை வைத்துத் திட்டு எப்படி இருக்கும் என்று தீர்ப்பு எழுதக்கூடாது. முதலில் வந்தவர்கள்தான் கடைசிவரை இருப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இருட்டில், கையுறையோடு, பென்சிலால்

குளிர்க்கடலில் எண்ணுவது லேசில்லை. கோடையில் ஹவ் சவுண்டின் மேல்மட்டத் தண்ணீரில் மிதவையுயிர்கள் பெருகிப் பச்சையாகக் கலங்கிவிடும். ஸ்குவாமிஷ் ஆறு பனிப்பாறை உருகிய வண்டலையும் கொண்டுவந்து கொட்டும். அதற்குக் கீழே போனால் தண்ணீர் கொஞ்சம் தெளியும், ஆனால் வெளிச்சம் இருக்காது. டார்ச் அடித்த இடம் மட்டுமே தெரியும். 30 மீட்டர் ஆழத்தில் பொழுதுபோக்கு முக்குளிப்பு அட்டவணைகள் தரும் நேரம் ஏறத்தாழ 20 நிமிடம். உள்ளே தண்ணீர் புகாத உடை, தடித்த கையுறை, அதற்குள் விறைத்த விரல். அந்த விரலால் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும்.

அனாபொலிஸ் போன்ற இடத்துக்கு எளிதில் பொருந்துகிற முறை, சுற்றித் திரிந்து எண்ணுவது. ரீஃப் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பு 1993-லிருந்து இதைச் சாதாரண முக்குளிப்பாளர்களுக்குச் சொல்லித் தருகிறது. விருப்பம்போல நீந்துங்கள், அடையாளம் தெரிந்த ஒவ்வொரு இனத்தையும் குறியுங்கள், ஆனால் சரியான எண்ணிக்கை எழுத வேண்டாம். நான்கே கட்டங்கள்: ஒன்று, 2 முதல் 10, 11 முதல் 100, நூற்றுக்கு மேல். பார்க்க மேம்போக்காகத் தெரியும். ஆனால் இருட்டில் அலையும் கூட்டத்தை ஒருவர் 37 என்பார், இன்னொருவர் 52 என்பார். இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் டிக் அடிப்பார்கள் என்பதுதான் இந்த முறையின் சாமர்த்தியம்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கோட்டு அளவை. அளவு நாடாவை அடியில் விரித்து, அதன் இருபுறமும் குறிப்பிட்ட அகலத்துக்குள் வரும் மீனை மட்டும் எண்ணுவது. நாடாவுக்கு வெளியே எவ்வளவு பெரிய மீன் வந்து நின்றாலும் கணக்கில் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதுதான் மனசு வராத இடம். இரும்பில் ஒட்டியிருக்கிற உயிர்களுக்குச் சதுரச் சட்டம். சட்டத்தை ஒரே இடத்தில் வைத்து வருடா வருடம் படமெடுத்து, எத்தனை சதவீதத்தில் எது இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆள் போக முடியாத ஆழத்துக்குக் கேபிளில் ஓடும் ரோபோ. அதிலிருந்து பாயும் இரண்டு லேசர் புள்ளிகளுக்கு நடுவே எப்போதும் ஒரே இடைவெளி இருக்கும். புள்ளிகள் மீனின் விலாவில் விழுந்தால், படத்தை வைத்தே மீனின் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

இப்போது தண்ணீரை மட்டும் ஒரு பாட்டிலில் எடுத்துவந்து, அதில் உதிர்ந்து கிடக்கும் டி.என்.ஏ.வை வைத்து யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதும் வந்துவிட்டது. ஒளிந்திருக்கும் இனங்களுக்கு அருமையான வழி. ஆனால் நீரோட்டம் அந்த டி.என்.ஏ.வை எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்திருக்கலாம். மீன் பெரிதா சிறிதா, பத்தா நூறா என்றும் அது தெளிவாகச் சொல்லாது.

எந்த முறையானாலும் ஒரு நிபந்தனை மாறாது: ஒரே முறை, ஒரே பருவம், ஒரே அளவு உழைப்பு. ஜனவரித் தெளிவில் பார்த்ததையும் ஜூலைக் கலங்கலில் பார்த்ததையும் அருகருகே வைத்தால், நாம் அளப்பது மீனை அல்ல, தண்ணீரின் தெளிவை.

நீளும் பட்டியல்

"முதல் வருடம் இத்தனை இனம், இப்போது அதைப்போல மூன்று மடங்கு" என்று செய்தி வரும். இந்த மாதிரிச் செய்திகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. காரணம் எளிது. இனப் பட்டியல் என்பது கூடிக்கொண்டே போகும் கணக்கு, அது குறையவே குறையாது. ஒருமுறை வந்து போன மீனும் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும். ஐந்து முறை இறங்கினால் தெரியாத அரிய இனம் ஐம்பது முறை இறங்கினால் தெரியும். திட்டில் ஒன்றுமே மாறாவிட்டாலும், ஆள் அதிகம் இறங்க இறங்கப் பட்டியல் நீளும். ஆகவே ஒரு முக்குளிப்புக்கு எத்தனை இனம், எத்தனை முக்குளிப்பில் ஒரு முறை அந்த இனம் கண்ணில் பட்டது என்று உழைப்பால் வகுத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

நட்சத்திர மீன்கள் செத்த வருடம்

ஒப்பீட்டு இடம் ஏன் வேண்டும் என்பதற்கு ஹவ் சவுண்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2013-ன் இலையுதிர் காலத்தில் அங்கே நட்சத்திர மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கைகள் சுருண்டு, உடம்பு கரைந்து, பாறையில் வெள்ளைக் கூழாகக் கிடந்தன. மெக்சிகோவிலிருந்து அலாஸ்கா வரை பரவிய நோய் அது. அதிகம் அடிபட்டது சூரியகாந்தி நட்சத்திர மீன். இருபதுக்கு மேல் கைகளோடு ஒரு மீட்டர் அகலம் வரை வளர்ந்து, கடல் முள்ளெலிகளை வேட்டையாடுவது. நோய்க்குக் காரணம் ஒரு விப்ரியோ வகை பாக்டீரியா என்பது 2025-ல்தான் தெரியவந்தது.

வேட்டையாடுகிறவர் போனதும் பச்சைக் கடல் முள்ளெலிகள் பெருகின, அவை கெல்ப் என்ற பெரிய கடற்பாசியை மேய்ந்து தீர்த்தன. சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஹவ் சவுண்டின் பாறைகளில் முள்ளெலி நான்கு மடங்கானது, கெல்ப் பரப்பு 80 சதவீதம் குறைந்தது. நோய்க்கு முன்பே அந்தப் பாறைகளை அவர்கள் அளந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

அனாபொலிஸ் மூழ்கியது 2015-ல். ஒருவர் 2012-லும் 2017-லும் ஹால்கெட் விரிகுடாவை மட்டும் பார்த்திருந்தால், முள்ளெலி கூடியதற்கும் பாசி போனதற்கும் கப்பலைக் குற்றம் சொல்லியிருப்பார். மறுபக்கமும் உண்டு. 2016-ல் ராக்ஃபிஷ் என்ற பாறை மீன் வகையில் பொக்காச்சியோ என்ற இனத்தின் குஞ்சுகள் பிரிட்டிஷ் கொலம்பியா முழுக்க வழக்கத்தைவிடப் பல மடங்கு பிழைத்தன. அந்த மாதிரி வருடத்தில் ஒரு கப்பலில் குஞ்சு மீன் கூட்டத்தைப் பார்த்தவர் கப்பலுக்கு மாலை போட்டிருப்பார்.

கற்பனைக் கணக்கு ஒன்று. கப்பலுக்கு முன்பு அந்தச் சேற்றில் மீன் இல்லை, பக்கத்துப் பாறையில் 40. கப்பலுக்குப் பின் கப்பலில் 60. இப்போது பாறையை எண்ணுகிறோம். அங்கே 40 அப்படியே இருந்தால் கப்பலுக்கு நல்ல பெயர். 5 ஆகியிருந்தால், கூட்டத்தில் பெரும்பகுதி இடம் மாறி வந்தது என்ற சந்தேகம் வலுக்கும். 100 ஆகியிருந்தால் அது எல்லா இடத்திலும் நல்ல வருடம், கப்பலின் பங்கைத் தனியாகப் பிரிப்பது கஷ்டம். கப்பலின் எண் மூன்று தடவையும் 60 தான்.

ஒரே பாறையை நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. அதற்கென்று தனியாக ஏதாவது நடந்திருக்கலாம். ஆகவே முடிந்தால் பல ஒப்பீட்டு இடங்கள், கப்பல் இறங்குவதற்கு முன்பே பல வருடக் கணக்கு. நடைமுறையில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த "முன்பே" தான். கப்பல் இறங்கும் நாளில் எல்லாக் கேமராவும் வரும். வெறும் சேற்றை மூன்று வருடம் எண்ண யாரும் பணம் தருவதில்லை.

உற்பத்திக்கு எது சாட்சி

பெரிய மீன் சாட்சியாகாது, அது எங்கிருந்தும் நீந்தி வரும். சிறியதும் முட்டையும்தான் வலுவான சாட்சி. இந்தக் கடலில் மற்ற மீன்களை வேட்டையாடும் முக்கிய மீனான லிங்காட் குளிர்காலத்தில் பாறை இடுக்கில் தலையளவு வெள்ளை முட்டைத்திரளை ஒட்டி வைக்கும். பெண் மீன் போய்விடும், ஆண் மீன் வாரக்கணக்கில் காவல் நிற்கும். முக்குளிப்பாளர் திரளின் அளவு, நிறம் (புதியது வெண்மை, பழையது சாம்பல்), காவலுக்கு ஆண் இருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறார். ஹவ் சவுண்டை ஒட்டிய ஜார்ஜியா நீரிணையில் லிங்காட் குறைந்துபோய் 1990-லேயே வணிக மீன்பிடிப்பை நிறுத்தவேண்டி வந்தது என்பதால், அங்கே ஒவ்வொரு முட்டைத்திரளுக்கும் அர்த்தம் உண்டு. கப்பலின் இடுக்குகளில் வருடா வருடம் முட்டை இருந்து, பக்கத்துப் பாறைகளிலும் குறையாமல் இருந்தால், உற்பத்தி என்ற வாதம் கால் ஊன்றுகிறது.

ராக்ஃபிஷ் முட்டையிடாது, குஞ்சாகவே ஈனும். அவற்றுக்கு நீளம் பார்க்க வேண்டும். முதல் வருடம் விரலளவு மீன்கள், அடுத்த வருடம் கொஞ்சம் பெரியவை, அதற்கடுத்து இன்னும் பெரியவை என்று ஒரே தலைமுறை கப்பலிலேயே வளர்வது எண்களில் தெரிந்தால் நல்ல அறிகுறி. எப்போது பார்த்தாலும் பெரிய மீன் மட்டும், நடுவில் வயதே இல்லை என்றால், வெளியிலிருந்து வந்தவர்கள்தான்.

பெயிண்டும் கணக்கில் வரும்

மீன் மட்டும் அல்ல. அனாபொலிஸை மூழ்கடிக்கும் முன் அதில் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் இருந்தது தெரிந்து அகற்றவேண்டி வந்தது. அடிப்பகுதிப் பெயிண்டில் இருந்த ட்ரைபியூட்டைல்டின் பற்றி உள்ளூர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு தள்ளுபடியானது. கப்பலில் ஒட்டுயிர்கள் ஏறாமலிருக்க ஒருகாலத்தில் பூசிவந்த வேதிப்பொருள் இந்த ட்ரைபியூட்டைல்டின். இதைக் கண்டுபிடிக்கக் கடல் நத்தை உதவும். மிகச் சிறிய அளவு பட்டாலும் சில இனங்களின் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்துவிடும். கப்பலைச் சுற்றி நத்தை பொறுக்குவது வீடியோவில் வராது, ஆனால் மீன் எண்ணுவதற்குக் கொஞ்சமும் குறைந்த வேலை அல்ல.

எத்தனை வருடம்

காப்பர் ராக்ஃபிஷ் குஞ்சு ஈனும் பருவத்துக்கு வரவே பல வருடம் ஆகும், 50 வயதுவரை வாழும். குயில்பேக் ராக்ஃபிஷ் 90-ஐத் தாண்டும். ஆராய்ச்சி நிதியோ இரண்டு மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். அதற்குள் கப்பலில் முதலில் வந்த மீன்கள் பேரக்குஞ்சு பார்த்திருக்காது. இதற்கிடையே இரும்பும் சும்மா இருப்பதில்லை. துருப்பிடித்து ஏடு ஏடாக உரியும்போது அதன்மேல் ஒட்டியிருந்த உயிர்களும் சேர்ந்தே விழும், மேல்தளங்கள் மெல்ல உட்கார்ந்துபோகும். பத்தாம் வருடம் எண்ணும் கப்பல் முதல் வருடம் எண்ணிய கப்பல் அல்ல.

அதனால்தான் இந்தக் கரையில் நீண்ட காலக் கணக்கின் பாரம் பெரும்பாலும் வார இறுதியில் தங்கள் செலவில் இறங்குகிறவர்கள் தோளில் விழுகிறது. ரீஃப் அமைப்பின் பதிவுகள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. கப்பலின் பக்கத்தைத் திறந்தவர், அதற்கு அருகில் உள்ள இயற்கைப் பாறையின் பக்கத்தையும் திறந்து, அதே மாதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.